பம்பு இல்லாமல் வியன்னாவுக்கு வரும் ஊற்று நீர்: கைஸர்ப்ருன் போய்ப் பார்க்க விரும்புவோருக்கு

வியன்னாவின் ஷ்வார்ட்ஸென்பெர்க் சதுக்கத்தில் உயரமாகப் பீறிடும் நீரூற்றைப் பலர் பார்த்திருப்பார்கள். அது கடைமடை. தலைமடை தெற்கே ஆல்ப்ஸ் மலையோரத்தில், ராக்ஸ், ஷ்னேபெர்க் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே ஷ்வார்ட்ஸா ஆறு ஓடும் ஹொல்லன்டால் பள்ளத்தாக்கில், கைஸர்ப்ருன் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே பாறையடியில் சுரக்கும் தண்ணீர் 1873 முதல் இன்றுவரை வியன்னாவின் வீட்டுக் குழாய்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஊற்றறை, பக்கத்திலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம், கால்வாயை ஒட்டிக் கீழே இறங்கும் நடைபாதை, சமவெளியில் கால்வாயைத் தாங்கிச் செல்லும் தொட்டிப் பாலங்கள், நகருக்குள் சில மிச்சங்கள் என்று இதைப் பார்க்க வேண்டிய இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். தண்ணீரின் வாட்டம், அதாவது அது தானாக இறங்கி ஓடும் சரிவு, எங்கே எப்படிப் போகிறது என்று கவனித்தபடியே கீழே நடந்து வருகிறவர்களுக்கு, ஒரு நாளை முழுதாகச் செலவிடத் தகுதியான இடம்.

போவதற்கு முன் பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் பார்வை கூர்மையாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னா மக்கள் வீட்டுக் கிணறுகளையும், 1841-ல் முடிந்த கைஸர் ஃபெர்டினாண்ட் குழாய்த் திட்டத்தையும் நம்பியிருந்தார்கள். அந்தத் திட்டம் டான்யூப் கால்வாய்க் கரையில் மண்ணில் வடிந்த நீரை நீராவிப் பம்பால் ஏற்றியது. நகரம் பெருத்த வேகத்துக்கு அது போதவில்லை. கிணறுகளுக்கு அருகிலேயே மலக்குழிகள் இருந்ததால் காலராவும் டைபாய்டும் திரும்பத் திரும்ப வந்தன. நிலவியலாளர் எடுவார்ட் ஸூஸ் மலை ஊற்றுகளை ஆராய்ந்து, நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்து வாதாடினார். ஆற்று நீரை வடிகட்டிக் கொடுப்பதை விட்டு, தொலைவிலுள்ள ஊற்றையே கொண்டுவருவது என்று 1864-ல் நகர்மன்றம் தீர்மானித்தது. 1865 மே 1 அன்று, நகர மையத்தைச் சுற்றிப் போகும் ரிங் சாலையின் திறப்பின்போது, பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் கைஸர்ப்ருன் ஊற்றை நகரத்துக்கு அளித்தார். ஒப்பந்ததாரர் அன்டோனியோ கப்ரியெல்லி. 1869 டிசம்பரில் பள்ளத்தாக்கில் முதல் வெடி வைக்கப்பட்டது. 1873 அக்டோபர் 24 அன்று, சதுக்கத்து நீரூற்றைத் திறந்துவிட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்டி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நான்கு ஆண்டுகூட ஆகவில்லை.

இனி வாட்டத்துக்கு வருவோம். கைஸர்ப்ருன் ஊற்றுக்கும், நகரின் தென்மேற்கு விளிம்பில் 1873-ல் கட்டிய ரோஸன்ஹூகல் நீர்த்தேக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 280 மீட்டர். அதை 90 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் இறக்கம் கிடைக்கிறது. மொட்டை மாடியில் மழைநீர் வடிய மேஸ்திரி விடும் வாட்டத்தைவிட இது குறைவு. இது சராசரி மட்டுமே. மலைப் பகுதியில் இறக்கம் கூடுதல், சமவெளியில் அதைவிடக் குறைவு. ஊற்றில் புறப்படும் தண்ணீர் நகரத்தை அடைய சுமார் 24 மணி நேரம் ஆகிறது; அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகம். இந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. இதைவிட மிகவும் மெதுவாக ஓடினால் நுண்மணலும் வண்டலும் அடியில் படியும். மிகவும் வேகமாக ஓடினால் உள்பூச்சு அரிக்கும், வளைவுகளில் தண்ணீர் சுவரில் மோதி மூட்டுகளைப் பதம் பார்க்கும்.

கால்வாய் என்றதும் திறந்த வாய்க்காலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது கல்லாலும் செங்கல்லாலும் கட்டி, உள்ளே சிமென்ட் பூசி, மேலே வளைவுக் கூரை போட்டு, மண்ணால் மூடிய பாதை. பல இடங்களில் ஆள் உள்ளே நடந்து போகும் அளவுக்கு உயரம். அழுத்தக் குழாயைப் போல இது முழுவதும் நிரம்பி ஓடுவதில்லை. தண்ணீருக்கு மேலே காற்று இருக்கும், தண்ணீர் வாட்டத்தில் தானாக ஓடும். அதனால் சுவரில் பெரிய அழுத்தம் இல்லை. சாதாரணக் கல்கட்டே 150 ஆண்டு தாங்குவதற்கு இது முக்கியக் காரணம். இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அழுத்தக் குழாய் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறிவிடும். இந்தக் கால்வாயால் ஒரு சாண்கூட ஏற முடியாது. மலை குறுக்கே வந்தால் குடைய வேண்டும், பள்ளம் வந்தால் தொட்டிப் பாலம் கட்ட வேண்டும், மற்ற இடங்களில் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போக வேண்டும். கைஸர்ப்ருனிலிருந்து வரும் இந்த முதல் வழித்தடத்தில் மட்டும் (பிறகு இரண்டாவது ஒன்றும் வந்தது) சுமார் 30 தொட்டிப் பாலங்கள் இருக்கின்றன. நடைபாதை ஏன் இப்படி வளைகிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

இதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடைபாதை நெடுகக் கால்வாய் காலடியில் போனாலும், ஓடும் குடிநீரைக் கண்ணால் பார்க்க முடியாது. சுகாதாரக் காரணத்துக்காக எல்லாமே மூடி, பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்கக் கிடைப்பவை வெளி அடையாளங்கள்: பாறையோடு ஒட்டிய கல்வீடு போன்ற நுழைவறைகள், பராமரிப்புக்கு ஆள் இறங்கும் குழிகளின் மூடிகள், ஆற்றுப் பக்கம் திறக்கும் வெளியேற்று வாய்கள். இந்த வெளியேற்று வாய்களைத் தவறாமல் கவனியுங்கள். கால்வாயைச் சுத்தம் செய்யும்போதும் தண்ணீர் கலங்கியிருக்கும்போதும் நகரத்துக்கு அனுப்பாமல் ஆற்றில் விட்டுவிடுவதற்கு இவை வேண்டும். இப்படி ஒரு வழி இல்லாத நீண்ட கால்வாயில், மேலே நுழைந்த ஒரு கலங்கல் 24 மணி நேரம் கழித்து அப்படியே நகரத்தின் நீர்த்தேக்கத்தில் போய் விழும்.

கலங்கல்தான் இந்த ஊற்றுகளின் நிரந்தரப் பிரச்சினை. ராக்ஸும் ஷ்னேபெர்க்கும் சுண்ணாம்புப் பாறை மலைகள். மழைநீரும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளில் இறங்கி, உள்ளே குகைகள், குழல்கள் வழியாகப் பாய்ந்து கீழே ஊற்றாக வெளியே வருகின்றன. மணல்படுகை மெதுவாக வடிகட்டுவதுபோல இங்கே வடிகட்டல் நடப்பதில்லை. மேலே பெய்த கனமழையின் விளைவு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஊற்றில் தெரிந்துவிடும். அதனால் ஊற்று நீர் இடைவிடாமல் அளக்கப்படுகிறது. கலங்கல் வரம்பைத் தாண்டினால் அந்த ஊற்றை வழித்தடத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கிருமி நீக்கத்துக்கு மிகச் சிறிய அளவில் மருந்து சேர்ப்பதோடு சரி. ஆகவே உண்மையான சுத்திகரிப்பு மலையின் மேல்தான் நடக்கிறது. ஊற்றுகளுக்கு நீர் சேர்க்கும் மலைப்பகுதிகளில் நகரம் சுமார் 33,000 ஹெக்டேர் நிலத்தையும் காட்டையும் தன் கையில் வைத்திருக்கிறது. அங்கே காடு வளர்ப்பதன் முதல் நோக்கம் மரம் வெட்டுவது அன்று, மண்ணையும் நீரையும் காப்பது. மலைக் குடில்களின் கழிவுநீர், மேய்ச்சல் மாடுகள், மலையேறுவோர் விட்டுச்செல்லும் அசுத்தம் எல்லாமே நேரடியாகக் குடிநீர் விவகாரம். ராக்ஸ் மேல் மலையேறப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது: குடிலில் கழிப்பறை இருக்கும்போது அதைத்தான் பயன்படுத்த வேண்டும், சோப்புத் தண்ணீரைப் பாறை இடுக்கில் கொட்டக் கூடாது.

அருங்காட்சியகம் சிறியது. 1973-ல், திட்டத்தின் நூற்றாண்டையொட்டி அமைந்தது. வழித்தட வரைபடங்கள், கட்டுமானக் காலத்துப் படங்கள், கருவிகள், குழாய்த் துண்டுகள், மலையின் நிலவியல் பற்றிய விளக்கங்கள் இருக்கின்றன. எங்கள் கருத்தில் இங்கே அதிக நேரம் செலவிட வேண்டியது வழித்தடத்தின் நெடுவெட்டுப் படத்தின் முன்னால். மலை, பள்ளம், சுரங்கம், பாலம் எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். பிறகு நடக்கும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது புரியும். விளக்கங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை, இணையம் இல்லாமலே வேலை செய்யும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. ஊற்றறைக்குள் போக வேண்டுமானால் வழிகாட்டியோடுதான் போக முடியும். எனவே போகும் நாளில் அது உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது அவசியம். அருங்காட்சியகம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை, திறந்திருக்கும் பருவத்திலும் எல்லா நாளும் இல்லை. இந்த அமைப்பின் மிகப்பெரிய குறை இதுதான். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப இவ்வளவு தொலைவு வரத் தேவையில்லை. தேதியை உறுதிசெய்த பிறகே ரயில் டிக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.

வியன்னாவின் மைய ரயில் நிலையத்திலிருந்தோ மைட்லிங்கிலிருந்தோ பாயர்பாக்-ரைஷனாவ் வரை ரயில். சுமார் ஒன்றரை மணி நேரம். நகரப் போக்குவரத்து அட்டை நகர எல்லையோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் தனி டிக்கெட் வாங்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து பேர் சேர்ந்து போனால், வட்டார ரயில்களுக்கான குழு நாள் டிக்கெட் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக வரும். அது வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும் என்பதைக் கவனியுங்கள். பாயர்பாக்கில் இறங்கினால், 1854-ல் திறந்த ஸெம்மரிங் மலை ரயில்பாதையின் நீளமான பாலம் கண்ணெதிரே நிற்கும். அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் பேருந்து. அது அடிக்கடி வராது. வாரநாள் அட்டவணையும் வாரக்கடைசி அட்டவணையும் வேறு. திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நடையின் திசையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கீழிருந்து மேலே நடந்து, ஊற்றைக் கடைசியில் காண்பது அழகு என்பார்கள். எங்கள் பரிந்துரை நேர்மாறானது: பேருந்தில் கைஸர்ப்ருன் வரை போய், முதலில் அருங்காட்சியகம், பிறகு தண்ணீரோடு சேர்ந்து கீழே. வரைபடத்தைப் பார்த்த பிறகு நடப்பதால் கல்லால் கட்டிய ஒவ்வொரு நுழைவறையும் குழிமூடியும் என்னவென்று தெரிகிறது. அதோடு, நேரம் போதாமல் போனால் வழியிலுள்ள ஹிர்ஷ்வாங் ஊரிலேயே நிறுத்திக்கொண்டு பேருந்து ஏறலாம். கைஸர்ப்ருன் முதல் ஹிர்ஷ்வாங் வரை சுமார் 5 கிலோமீட்டர். நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பாதையில் மிகச் சிறந்த பகுதி இதுதான். பாதை பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேல் பாலங்களில் குறுக்கும் மறுக்குமாகப் போகிறது, இடையிடையே படிகள் உண்டு. ஹிர்ஷ்வாங்கைத் தாண்டினால் பாதை பாயர்பாக் வழியாக க்ளோக்னிட்ஸ் வரை நீள்கிறது. அங்கே பள்ளத்தாக்கு விரிந்து, நடை சுலபமாகிவிடும். ஆனால் பார்க்கக் குறைவுதான். நேரமிருப்பவர்களுக்கு மட்டும்.

குழந்தைகளின் தள்ளுவண்டி இந்தப் பாதையில் ஓடாது. மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படிகள் சிரமம். ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும். ஈரத்தில் மரப்பலகையும் பாறையும் வழுக்கும். மழைக்குப் பிறகும் பனிக்காலத்திலும் கல் உருளும் அபாயத்தால் பாதையை மூடுவது உண்டு, அந்தத் தடுப்பைத் தாண்டிப் போவது மடத்தனம். பள்ளத்தாக்குக்குள் வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும், ஜூலையிலும் ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போவதே பாதுகாப்பு.

எந்த மாதம் போவது? மே, ஜூன் என்று சொல்வோம். உச்சியில் பனி உருகும் காலத்தில்தான் ஊற்றுகள் அதிகமாகச் சுரக்கின்றன, ஆறும் நிறைந்து ஓடும். குளிர்காலத்தில் மழை பனியாக மலையிலேயே தங்கிவிடுவதால் சுரப்பு மிகவும் சுருங்கிவிடும். வாட்டத்தை மட்டும் நம்பிய திட்டம் முதன்முதலில் திணறியதும் இங்கேதான். தண்ணீர் வந்து ஐந்து ஆண்டுகூட முடியாத நிலையில், குளிர்காலப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1878-ல் வழியிலுள்ள போட்ஷாக்கில் நிலத்தடி நீரைப் பம்பால் எடுத்துக் கால்வாயில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இருந்த ஊற்றுகள் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டன. 1960-களில் ஷ்னேஆல்பெ மலையின் அடியில் சுமார் 9.7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி மறுபக்கத்து ஊற்றுகளையும் கொண்டுவந்தார்கள். இவற்றோடு முதல் வழித்தடம் இன்று சுமார் 150 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 22 கோடி லிட்டர் வரை கொண்டுவரும். அது போதாமல் ஹோக்ஷ்வாப் மலையிலிருந்து இரண்டாவது வழித்தடத்தை 1910 டிசம்பரில் திறந்தார்கள். சுமார் 180 கிலோமீட்டர் நீளம், 36 மணி நேரப் பயணம். கால்வாயைச் சுத்தம் செய்ய நிறுத்தும் நாட்களிலும், தேவை உச்சத்தைத் தொடும் கோடையிலும் லோபாவ், மோஸ்ப்ருன் பகுதிக் கிணறுகள் கைகொடுக்கின்றன.

தொட்டிப் பாலங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியன்னாவிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய மோட்லிங், பாடன் ஆகிய இரண்டு ஊர்களிலும் இருக்கின்றன. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் பாடனைத் தேர்ந்தெடுங்கள்: கிட்டத்தட்ட 800 மீட்டர் நீளத்துக்கு வளைவு வளைவாக ஊருக்குக் குறுக்கே போகிறது. பாலத்தின் அடியில் நின்று வளைவின் உட்புறத்தை அண்ணாந்து பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கசிவு, புதிதாகப் பூசிய மூட்டு, மாற்றிய கற்கள் கண்ணில் படும். மண்ணுக்கடியில் போகும் பகுதிக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. பாலத்தின் மேல் போகும் பகுதி கோடையில் விரிந்து குளிரில் சுருங்குகிறது. அதனால் விரிசல் முதலில் தோன்றும் இடமும், பராமரிப்புச் செலவைத் தின்னும் இடமும் இதுவே.

நகருக்குள் ஃபாவொரிட்டன் பகுதியில் 67 மீட்டர் உயரச் செங்கல் நீர்க்கோபுரம் ஒன்று நிற்கிறது. 1899-ல் கட்டி முடித்தார்கள். ரோஸன்ஹூகலைவிட உயரமான குடியிருப்புகளுக்கு வாட்டத்தில் தண்ணீர் போகாது. அங்கே மட்டும் நீராவிப் பம்பால் ஏற்றிக் கொடுக்க இது வேண்டியிருந்தது. உயரமான மட்டத்தில் இரண்டாவது வழித்தடம் வந்ததும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே வேலை இல்லாமல் போயிற்று. உள்ளே எல்லா நாளும் விடமாட்டார்கள், வெளியே இருந்து பார்த்தாலே போதும். பக்கத்தில் குழந்தைகளுக்கான நீர் விளையாட்டுத் திடல் இருப்பதால் கோடையில் குடும்பத்தோடு போக வசதி.

சதுக்கத்து நீரூற்றைக் கடைசியாகப் பாருங்கள். அதன் விளிம்பைச் சுற்றியுள்ள 365 சிறிய பீற்றுகள் ஆண்டின் நாட்களையும், மற்றவை மாதம், வார நாள், மணி ஆகியவற்றையும் குறிக்கின்றன என்பது எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. தொடக்க நாளில் மக்களை வியக்கவைத்தது அதன் உயரம். பம்பு எதுவும் தள்ளாமல், நீர்த்தேக்கத்துக்கும் சதுக்கத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம் ஒன்றே தண்ணீரை மேலே அனுப்பியது. அதே அழுத்தம்தான் மாடி வீடுகளின் குழாய்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1888-க்குள் அன்றைய நகரின் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இணைப்பு கிடைத்துவிட்டது. டைபாய்டுச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

சுவை பார்க்க விரும்புவோர் பாட்டில் வாங்க வேண்டாம். நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுக் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. வெயிலில் நிற்கும் குழாயில் அரை நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கியிருந்த சூடான நீர் போய், நிலத்தடியில் வந்த குளிர்ந்த நீர் வரும். சுண்ணாம்பு மலையில் பிறந்த தண்ணீர் என்பதால் கெட்டிலில் வெள்ளைப் படிவு பிடிக்கும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் போய்விடும்.

ஊற்று பொங்கி வருவதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குக் கைஸர்ப்ருனைவிட, இரண்டாவது வழித்தடத்தின் தலையிலுள்ள வில்டால்பென் பொருத்தம். அங்கேயும் ஓர் அருங்காட்சியகமும், முன்பதிவு செய்தால் க்ளேஃபர் ஊற்றுக்கு வழிகாட்டியோடு போகும் வசதியும் உண்டு. அந்த ஊரில் ரயில் இல்லை. கார் இல்லாமல் வியன்னாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது கடினம், ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள்.